தேனு வீட்டுச் சுவருக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் குரங்கு

1

போன மாதம் வாட்ஸப்பில் என் முகப்புப் படத்தை மாற்றினேன். நானே எடுத்த குரங்குப் படம், கறுப்பு வெள்ளையில், முகம் மட்டும். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. காலைக் காப்பியை முடிப்பதற்குள் தேவகோட்டையிலிருந்து பெரியப்பா மகன் அண்ணாமலை அண்ணனின் செய்தி வந்துவிட்டது. "ஆழ்ந்த இரங்கல். ஆளைச் சரியாத் தெரியலையே, மாப்பிள்ளை வழிச் சொந்தமா?" பின்னாலேயே கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் படத்தையும் செய்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் வழிச் சொந்தம் என்று அண்ணன் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டார். பிறகு தொழில் புத்தியோடு, அண்ணனுக்குக் கண்ணாடிப் பவர் ஏறியிருக்கும், இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது பார்த்துவிட வேண்டும் என்றார். ஈப்போவில் எங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. உலகத்தில் உள்ள எல்லாச் சிக்கலுக்கும் பவர்தான் காரணம் என்பது அவர் கட்சி.

அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் சுவரில் கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். தேவகோட்டை வீட்டுக் கூடத்தில் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் செத்துப்போனவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் நிறமில்லை. அதனால் சின்ன வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. படம் எல்லாம் முதலில் கலரில்தான் இருக்கும், ஆள் போனதும் நிறம் தானாக வடிந்துவிடும் என்று. ஒரு தடவை சித்தப்பாவுக்குக் கடும் காய்ச்சல். அவருடைய கல்யாணப் படத்தை அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வெளுக்க ஆரம்பித்துவிட்டதா என்று. நல்ல வேளை, வெளுக்கவில்லை. மனிதர் இன்றைக்கும் ஊர் வம்பு பேசிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

அப்படிப்பட்டவள் கடல் தாண்டி வந்து, இந்த வயதில், காட்டு ஜீவன்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனின் இரங்கல் செய்தியைப் பார்த்ததும், அதே குரங்குக்காக எனக்கும் என் சம்பந்திக்கும் நடந்த சண்டையை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. சண்டை என்றால் சத்தம் போடாத சண்டை. சம்பந்திச் சண்டை வேறு எப்படி இருக்கும்?

2

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, அங்கே புலி இருக்கிறதாமே, பார்த்தாயா என்றுதான். இருக்கிறதாம். நான் பார்த்ததில்லை, பார்க்கிற ஆசையும் இல்லை. என் ஆட்கள் வேறு. ஆற்றங்கரை உடும்பு, நீர்நாய், இருவாச்சிப் பறவை, எல்லாவற்றுக்கும் மேலே லோத்தோங். லோத்தோங் என்பது இங்கே மலாய்க்காரர்கள் சொல்கிற பெயர். இலை தின்கிற குரங்கு. சாம்பல் உடம்பு, நீளமான வால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருக்கும். நம் கடைக்கு வராமலே கண்ணாடி போட்ட ஒரே கிராக்கி இதுதான் என்பார் வீட்டுக்காரர்.

கறுப்பு வெள்ளைக்கு நான் போனதற்குக் காரணம் கலை இல்லை, பச்சை. கல்யாணமாகி வந்த புதிதில் ஈப்போவுக்கு வரும் வழியெல்லாம் பச்சையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். வெயிலும் கருவேலமும் பார்த்து வளர்ந்த கண். இத்தனை பச்சையும் சும்மாவா என்று கேட்டேனாம், வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கேமரா வாங்கிய பிறகுதான் அந்தப் பச்சையின் குணம் தெரிந்தது. எதை எடுத்தாலும் குறுக்கே வந்து நிற்கும். குரங்கை எடுத்தால் குரங்கு தெரியாது, இலைதான் தெரியும். இருவாச்சியை எடுத்தால் அது இலைக்கு நடுவே ஒட்டிய தபால் தலை மாதிரி இருக்கும். ஒரு நாள் வெறுத்துப்போய்க் கணினியில் நிறத்தை மொத்தமாக உருவிப் பார்த்தேன். குரங்கு எழுந்து வந்து முன்னால் உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

வாரம் முழுக்கக் கடையில் அடுத்தவர் மூக்குக்குச் சட்டம் பொருத்துகிறேன். ஞாயிறு விடிகிற நேரத்தில் கோலா கங்சார் பக்கம் உள்ள ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவோம். வீட்டுக்காரர் கார் ஓட்டிக்கொண்டு வருவார், வந்ததும் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். நான் மரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பேன்.

காத்திருப்பதில் முக்கால்வாசி வேலை, என்னத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதுதான். முகம் ஒரு ஓரமாக இருக்க வேண்டும், அது பார்க்கிற திசையில் இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். லோத்தோங்கின் வாலை வெட்டவே கூடாது. வால் வெட்டுப்பட்ட படத்தில் குரங்குக்கு மரியாதை போய்விடும். எல்லாவற்றையும் விட, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழ வேண்டும். அது விழாத வரைக்கும் நான் கேமராவை அமுக்குவதில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அமுக்காமலே திரும்பியிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு நல்ல தூக்கம் கிடைத்தது மிச்சம்.

3

எங்கள் ஒரே மகள் தேனம்மை. இங்கே எல்லோருக்கும் தேனு. மலாய்ப் பள்ளியில் படித்தவள், இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ போட்டுத் தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் அடையாள அட்டை, இங்கே ஐசி என்பார்கள், சிவப்பு, நிரந்தரவாசி. அவளுடையது நீலம், குடிமகள். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கலர். என்னுடையதை நீலமாக்க நானும் பல காலமாக வரிசையில் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் இருக்கிற அம்மாள் சிரித்த முகத்தோடு இன்னும் ஒரு தாள் கேட்பார். தேனு கூட வந்தால் அவர்கள் இரண்டு பேரும் மலாயில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் பிள்ளை எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று அந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும். வருத்தமா என்றால், ஆமாம், வருத்தம்தான். நான் சமைத்தது தவிர என்னிடமிருந்து அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருந்ததில்லை.

ஈப்போவிலேயே புந்தோங் பக்கத்துப் பையன் தினேஷைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். தேவகோட்டையில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் சீக்கிரம் நிமிர்த்திக்கொண்டேன். இந்த வருடம் இரண்டு பேரும் ஊர் ஓரத்தில் ஒரு புதுத் தாமானில், அதாவது வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பில், ஒரு வீடு வாங்கினார்கள். பால் காய்ச்ச நாள் குறித்ததும் தேனு போன் செய்தாள்.

"மா, ஹாலுக்கு உங்க படம் ஒன்னு வேணும். அந்த லோத்தோங் படம், குட்டியோட இருக்கிறது. பெருசா போட்டுக் குடுங்க. உள்ள நொழைஞ்சதும் அதான் தெரியணும்."

போனை வைத்ததும் கணினியில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். அவள் வீட்டுச் சுவரில் என் கையால் செய்த ஒன்று. வாசலில் நுழைகிற யாராவது, இது யார் எடுத்தது என்று கேட்டால், எங்கம்மா என்பாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நடந்த கூத்து.

4

அந்தப் படம் கிடைத்ததே பெரிய கதை. அந்த ரப்பர் தோட்டம் கைமாறி, வீடு கட்டப்போகிற ஒரு கம்பெனியிடம் இருந்தது. பால்வெட்டு நின்று பல காலம். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது, மரங்கள் மட்டும் நின்றன. வாசலில் நேப்பாளி காவலாளி ஒருவர், கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார். நான் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். குரங்கைப் படம் பிடிக்க வேண்டும் என்று மலாயில் சொல்ல வேண்டும். படம் எடுப்பதை ஆங்கிலத்தில் சுடுவது என்கிறார்களே, அதையே மலாயில் போட்டேன். "சாயா மாவ் தெம்பாக் மொன்யெட்." தெம்பாக் என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அங்கே இருந்த பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு லைசென்ஸ், வாராவாரம் பேரா மாநிலம் முழுக்க இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். உள்ளே போய் மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் பையிலிருந்து கேமராவை எடுக்க, அவர்கள் இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். அப்புறம்தான் விளங்கியது. கடிதம் கிடைத்துவிட்டது. இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள்.

உள்ளே போன பல வாரங்களுக்குப் பிறகு அந்தத் தாய்க்குரங்கு ஒரு தாழ்ந்த கிளைக்கு வந்தது. மடியில் குட்டி. லோத்தோங் குட்டி பிறக்கும்போது சாம்பலாக இருக்காது, நல்ல ஆரஞ்சு, பழுத்த மாம்பழ நிறம். சில மாதத்தில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். தாய் இடது பக்கம் பார்த்தது, வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது, கண்ணில் பொட்டு விழுந்தது. அமுக்கினேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். யாரோ அங்கே மரவள்ளி போட்டிருக்கிறார்கள், தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம். பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி. கலரில் பார்த்தால் முதலில் டிரம், அப்புறம் வாளி, அப்புறம்தான் குரங்கு.

இந்த இடத்தில் கறுப்பு வெள்ளையின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தை உருவினாலும் ஒவ்வொரு நிறமும் எவ்வளவு கறுப்பாக வேண்டும், எவ்வளவு வெள்ளையாக வேண்டும் என்று தனித்தனியாகத் திருகலாம். நீலத்தை இறக்கினேன், டிரம் நிழலோடு நிழலாகக் கரைந்தது. சிவப்பை இறக்கினேன், வாளி போயிற்று. பச்சையை இறக்கினேன், இலையெல்லாம் கரிக்கோடு மாதிரி பின்வாங்கின. ஆரஞ்சை மட்டும் ஏற்றினேன். குட்டி வெள்ளையாக, தாயின் இருண்ட நெஞ்சில் ஒரு விளக்கு மாதிரி நின்றது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பளபளப்பில்லாத கெட்டிக் காகிதத்தில் பெரிதாகப் போட்டு, கறுப்புச் சட்டம் அடித்து, தேனுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சுப் போட்ட சீனக் கிழவர் கலர் மை தீர்ந்துவிடவில்லையே, ஏன் இப்படி என்று கவலையாகக் கேட்டார். அதையாவது ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

5

என் சம்பந்தி பாக்கியம் அக்கா. புந்தோங்கில் கல்யாணச் சமையல் செய்கிறவர். நாலு பெரிய வேன், சத்தமான குரல், யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்க்கிற உரிமை. எனக்கு அவரைப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினெட்டுக்குள் தாலி கட்டிக்கொண்டு, லாரி ஓட்டின கணவரைச் சில வருடத்துக்கு முன் பறிகொடுத்தவர்.

புது வீட்டைப் பார்க்க வந்தவர் ஹாலில் அந்தப் படத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாராம். அக்கா வாயை மூடினால் ஏதோ ஆபத்து. அன்று மாலையே தேனு போன் செய்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மா, அத்தை வேணாங்கிறாங்க. கறுப்பு சட்டம், கறுப்பு வெள்ளைப் படம், மாலை மட்டும்தான் பாக்கி, பால் காச்சுறதுக்கு முந்தி வூட்டுல துக்கப் படமான்னு கேக்கறாங்க. கலர்ல போட்டுக் குடுங்களேன். சேம் பிக்சர்தானே லா."

சேம் பிக்சராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சரி பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டம் தீர்த்தேன். படம் என்றால் என்ன என்று தெரியுமா அவர்களுக்கு, காலெண்டரில் இருக்கிற ரோஜாப்பூ குழந்தையைக் கொண்டுபோய் மாட்டட்டும், அந்தம்மா பாயசத்தில் உப்புப் போடச் சொன்னால் போடுவாரா, இப்படி வாயில் வந்ததெல்லாம். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்கள் தேவகோட்டை வீட்டில் நடுக்கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் குரங்கைக் கொண்டுபோய் மாட்டினால் உங்கள் அம்மா என்ன செய்திருப்பார் என்று கேட்டார். எங்கம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பார்.

ஆனாலும் எனக்கு ஒரு குறுக்கு யோசனை வந்தது. கலர்தானே வேண்டும்? தருகிறேன். நீல டிரம், சிவப்பு வாளி ஒன்றையும் தொடாமல், கேமரா கண்டது மாதிரி அப்படியே அச்சடித்துத் தருகிறேன். அதைப் பார்த்ததும் அக்காவே அருவருத்து, வேண்டாம் சம்பந்தி, அந்தக் கறுப்பு வெள்ளையே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவார். நினைக்க நினைக்க இனித்தது.

சுருட்டி எடுத்துக்கொண்டு புந்தோங்குக்குப் போனேன். அக்கா வீட்டு ஹாலில் அவர் கணவரின் படம், கறுப்பு வெள்ளை, சுற்றிலும் சின்னச் சின்ன மின்விளக்கு. கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, தேனு வீட்டிலிருந்து அவர் கழற்றிக்கொண்டு வந்த என் லோத்தோங் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. மேசையில் கலர்ப் படத்தை விரித்து நாலு மூலைக்கும் டம்ளர் வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். டிரம்மைப் பார், டிரம்மைப் பார் என்று மனதுக்குள் ஜபித்தேன்.

"ஆத்தாடி, பிள்ளையப் பாரேன்! தங்கமாட்டம் இருக்கு. இந்த நெறத்த வச்சிக்கிட்டு அத ஏன் சம்மந்தி வெளுக்க வச்சிங்க?"

டிரம் அவர் கண்ணில் படவே இல்லை. வாளியும் இல்லை. குட்டி, குட்டி, அதன் தலை, அதன் விரல், தாயின் சாம்பல் கையில் அந்த ஆரஞ்சு. சமையலுக்கு உதவுகிற பெண்ணைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் காட்டினார். என் திட்டம் அந்த மேசையிலேயே கவிழ்ந்தது. இதைத்தான் மாட்டணும், சட்டத்தை மட்டும் மரக் கலரில் போட்டுவிடுங்கள் என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் பொருமிக்கொண்டே வந்தேன். அந்தக் குட்டியின் நிறத்தை நானும்தான் ரசித்தேன், கண்ணால் பார்த்தபோது மூச்சே நின்றது. அப்புறம் டிரம்மை ஒழிக்கிற வெறியில் அதையும் சேர்த்து ஒழித்துவிட்டேனோ என்று ஒரு சந்தேகம் அரித்தது. சந்தேகம்தான். ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

6

பால் காய்ச்சின அன்று, மரக் கலர்ச் சட்டத்தில், டிரம்மோடும் வாளியோடும் என் படம் தேனு வீட்டு ஹாலில் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று குட்டியைக் கொஞ்சினார்கள். தினேஷின் நண்பன் ஒருவன், டிரம் எந்தக் கடையில் வாங்கியது, உறுதியாகத் தெரிகிறதே என்று விசாரித்தான். யார் எடுத்தது என்று கேட்டவர்களிடம், தேனு என்னைக் கைகாட்டி எங்கம்மா என்றாள். நான் ஆசைப்பட்ட அந்த வார்த்தைதான். ஆனால் படம் நான் ஆசைப்பட்ட படம் இல்லை. சிரித்துச் சமாளித்துக்கொண்டு நின்றேன்.

தேனு என் பக்கத்தில் வந்து, தட்டில் கேசரியை வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"மா, அந்தக் கறுப்புதான் நல்லா இருந்துச்சு. எனக்குத் தெரியும். அத்தைக்காகத்தான் கேட்டேன்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சின்னப் பிள்ளையிலிருந்து என் பின்னால் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தானே என்றாள். அவள் தன் போனைத்தான் பார்க்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

பந்தி முடிந்ததும் பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கேமராவைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இருந்தது, குடும்பப் படம் எடுக்கக் கொண்டுவந்திருந்தேன். அக்கா கதவைச் சாத்தினார். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது அரக்குப் பட்டு. தலை நிறையப் பூ.

"எங்க வூட்டுக்காரரு படத்தப் பாத்தீங்கல்ல. ஐசி போட்டோவ பெருசு பண்ணுனது. எங்க தோட்டத்து ஆளுங்களுக்கு அத வுட்டா வேற போட்டோ ஏது? உசுரோட இருக்கையில அவரு சிரிக்காத நேரமே கெடையாது. இப்ப வருசம் பூரா மொறச்சிக்கிட்டே நிக்கிறாரு. என் ஐசி அதவிட மோசம் லா, திருடிப் புடிபட்டவ மாதிரி இருப்பேன். அந்தக் கொரங்கு கண்ணுல வெளக்கு ஏத்துனீங்களே, எனக்கும் அப்படி ஒன்னு எடுத்து வைங்க. கறுப்பு வெள்ளையில."

நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது அக்கா என்றேன்.

"நல்ல நாள்லதானே நல்ல சேலை கட்டியிருக்கேன். எனக்கு ஒரே மவன். நாளைக்கு இந்த வூட்டு ஹால்லதான் மாட்டுவாங்க. மாட்டறது நல்லா இருக்கட்டுமே."

கதவுக்குப் பின்னால் நின்ற என் லோத்தோங்கை அவர் தினமும் திருப்பிப் பார்த்திருக்கிறார். அதை அப்போதுதான் சொன்னார். திருப்பிப் பார்ப்பாராம், மறுபடியும் சுவர்ப் பக்கம் வைப்பாராம்.

பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் வெளிச்சம் மெத்தென்று இருந்தது. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினேன். பார்க்கிற திசையில் இடம் விட்டேன். முதலில் அடையாள அட்டை முகம்தான் வந்தது, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி. மூக்குத்தி தெரிகிறதா என்று உதடு அசையாமல் கேட்டார். நான் அவசரப்படவில்லை. குரங்குகளிடம் கற்ற பொறுமை எனக்கு உண்டு. உள்ளேயிருந்து தினேஷ், அம்மா, சாம்பார் வாளி எங்கே என்று கத்தினான். இவன் வூட்டு சாம்பார் வாளிய இவனுக்கு நான் தேடித் தரணும் என்று அக்கா திரும்பினார், கண்ணில் பொட்டு விழுந்தது, அமுக்கினேன்.

7

அந்தப் படத்தோடு பல நாள் உட்கார்ந்தேன். அரக்குப் பட்டை இறக்கினேன், அது அடர்ந்த கறுப்பாகி முகத்தை முன்னால் கொண்டுவந்தது. பூவை ஏற்றினேன். கன்னத்துச் சுருக்கத்தை மெழுகிவிடலாமா என்று ஒரு கணம் கை போயிற்று, எடுத்துவிட்டேன். சிரிப்பு வெளியே வர ஒரு நொடி முன்னால், உதட்டு ஓரத்தில் நிற்கிறது. குரங்குப் படத்தைவிட இது நல்ல படம். இதற்கு மேல் என்னால் எடுக்க முடியுமா என்று தெரியவில்லை.

அக்கா கடைக்கு வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இது நான்தான்" என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உங்களிடமே வைத்திருங்கள், இப்போது வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டாம் என்றார். போகிற போக்கில் வீட்டுக்காரரின் கண்ணாடி கோணலாக இருக்கிறது, கண்ணாடிக் கடைக்காரருக்கு இது அழகா என்று திட்டிவிட்டுப் போனார்.

படத்தைத் துணியில் சுற்றி அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். அன்றையிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்துவிட்டது. இரத்த அழுத்த மாத்திரை போட்டாரா என்று அக்காவுக்குப் போன் போடுவது. அண்டாவைத் தூக்காதீர்கள், ஆள் வைத்துத் தூக்குங்கள் என்று சொல்வது. ஒரு தும்மல் போட்டால் டாக்டரிடம் போனீர்களா என்று கேட்பது. என்ன சம்மந்தி, எனக்குப் புதுசாக மாமியார் வந்திருக்கிறாரா என்று கத்துகிறார். அவர் கத்தினால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

மகள் வீட்டுச் சுவரில் என்னுடைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்க வேண்டும் என்று ஏங்கியவள் நான். அப்படி ஒன்று, அக்காவின் முகத்தோடு, இப்போது என் அலமாரியில் தயாராக இருக்கிறது. அது அந்தச் சுவருக்குப் போகவே கூடாது என்று தினமும் பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.